பழைய சட்டம் கூண்டில் ஏறுவதில்லை: ஒருபாலினத் திருமண வாதங்களும் வன்னியும்

(கிளிநொச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டமும் குடும்பமும் என்ற பொருளில் பேசும்படி கேட்டீர்கள். அதற்குள் எதை எடுப்பது என்பதை என்னிடமே விட்டீர்கள். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ, சட்டம் மணமக்களுக்குக் கொடுக்கும் உரிமைகளோடு சேர்ந்து வாழ முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் அன்போடு கேட்டார்கள். வேண்டும். காரணத்தை உரையின் கடைசிக்கு ஒதுக்காமல் இப்போதே சொல்கிறேன். உறவு உண்மையாக இருந்தும் கையில் பத்திரம் இல்லாததால் காணிக்கும் கொடுப்பனவுக்கும் அலைந்த குடும்பங்களை வன்னி நிறையவே கண்டிருக்கிறது. திருமணச் சட்டம் என்றால் என்ன, அது இல்லாமற்போனால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை இங்கிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் சட்டப் புத்தகத்தில் இருப்பதைப் பார்ப்போம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நம் குற்றவியல் சட்டத்தின் அடித்தளம். அதன் 365ஆம் பிரிவு இயற்கை ஒழுங்குக்கு மாறான உடலுறவு என்று ஒரு குற்றத்தைச் சொல்கிறது. தண்டனை பத்து ஆண்டுகள் வரை. என்ன செயல் என்று அது வரையறுக்கவில்லை. 365ஏ பிரிவு பாரதூரமான அநாகரிகச் செயலைக் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை. தொடக்கத்தில் இது ஆண்களைப் பற்றி மட்டும் பேசியது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'ஆண்' இருந்த இடத்தில் 'ஆள்' என்று எழுதியது. ஆண்களை விடுவித்துச் சமத்துவம் காண வேண்டிய இடத்தில், பெண்களையும் உள்ளே தள்ளிச் சமத்துவம் கண்டார்கள். அதுவரை குற்றவாளிகளாக இல்லாத பெண்கள் அந்த ஆண்டு முதல் குற்றவாளிகள் ஆனார்கள்.

பிரித்தானியர் எழுதிய சட்டம் அது. பிரித்தானியர் தங்கள் நாட்டில் அதை நீக்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 இல் வயதுவந்தோரின் தனிப்பட்ட உறவு குற்றமாக இருப்பது நின்றது. நாம் அதைப் பண்பாடு என்ற பெயரில் காத்துவருகிறோம்.

இந்தப் பிரிவுகளின் கீழ் யாரும் தண்டிக்கப்படுவதில்லை, அவை தூங்கும் சட்டங்கள் என்று மூத்த சட்டத்தரணிகள் சிலர் சொல்வதுண்டு. மறுக்கிறேன். 2016 நவம்பர் 30 அன்று நம் உயர் நீதிமன்றமே 365ஏ பிரிவின் கீழான ஒரு குற்றத் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. மருதானைப் பொலிஸார் தொடுத்த வழக்கு அது. வயதுவந்தோரின் சம்மதத்தோடான உறவை அரசு காவல் காக்கக்கூடாது என்ற தற்காலச் சிந்தனையை நீதியரசர்கள் அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்கள். ஆனாலும் குற்றம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி, சிறைத் தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியதோடு நிறுத்திக்கொண்டார்கள். சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களின் உடலைக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்திய சம்பவங்களை ஹியூமன் ரைட்ஸ் வொச் அமைப்பு 2020 இல் வெளியிட்டது. 2017 முதல் குறைந்தது 7 பேர். வழக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆனால் பொலிஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு வழக்கு தேவையில்லை, பிரிவு இருந்தால் போதும்.

ஆகவே நம் நாட்டில் திருமணக் கேள்விக்கு முன்னால் குற்றக் கேள்வி நிற்கிறது. நேரே திருமணப் பதிவாளரிடம் போய்ப் பதிவு கேட்டு, மறுக்கப்பட்டு, நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளை அமெரிக்காவில் பார்க்கிறோம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அரசியலமைப்பு உண்டு, அதைப் பொருள்கொள்ளும் மாநில நீதிமன்றம் உண்டு. 1993 இல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம், மறுப்புக்கு அரசு வலுவான காரணம் காட்ட வேண்டும் என்றது. 1999 இல் வேர்மொன்ட் நீதிமன்றம் திருமணத்தின் பலன்கள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றது. 2003 நவம்பர் 18 அன்று மசச்சூசெட்ஸ் மாநில நீதிமன்றம் திருமணத்தையே திறந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் தோற்ற வாதம் இன்னொரு மாநிலத்தில் வென்றது, வென்ற இடத்தில் மக்கள் வாக்கெடுப்பில் திரும்பவும் தோற்றது, கடைசியில் 2015 யூன் 26 அன்று நாடு முழுவதற்குமான தீர்ப்பு வந்தது.

மசச்சூசெட்ஸ் வழக்கில் அரசு முன்வைத்த முதல் வாதம் பிள்ளைப்பேறு. திருமணம் பிள்ளை பெறுவதற்கான அமைப்பு, ஆகவே ஆணும் பெண்ணும்தான் மணக்கலாம் என்றார்கள். நீதிமன்றத்தின் பதில் எளிமையானது. பிள்ளை பெற முடியாதவரும் பெற விரும்பாதவரும் மணக்கிறார்கள், மரணப் படுக்கையில் எழும்ப முடியாமல் கிடப்பவரும் மணக்கலாம், சட்டம் எவரிடமும் பிள்ளை பெறுவீர்களா என்று கேட்பதில்லை. இதை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது நம்முடைய 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். மரணப் படுக்கையில் இருப்பவரின் திருமணத்துக்கென்றே அதில் தனி ஏற்பாடு இருக்கிறது. இன்னும் சில மணி நேரமே உயிர் வாழப்போகிறவர் ஏன் மணக்கிறார்? கூட வாழ்ந்தவருக்குச் சட்டத்தின் முன் ஓர் இடம் கொடுத்துவிட்டுப் போகத்தான். பிள்ளைப்பேறு வாதத்துக்கான மறுமொழியை நம் சட்டமே நூறு ஆண்டுக்கு முன் எழுதி வைத்திருக்கிறது.

அதே கட்டளைச் சட்டத்தின் வயதுப் பிரிவு 1995 இல் மாற்றப்பட்டது. இரு தரப்பினரும் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்பதே இப்போதைய நிபந்தனை. அங்கே ஆண் என்றோ பெண் என்றோ இல்லை. ஒரு துணிவுள்ள சட்டத்தரணி இதைப் பிடித்துக்கொண்டு வாதிடலாம். ஆனால் மணக்கக்கூடாத உறவுமுறைகளைச் சொல்லும் பிரிவும், பதிவுப் படிவத்தில் ஆண் தரப்புக்கும் பெண் தரப்புக்கும் தனித்தனியே உள்ள இடங்களும் அவரைத் தடுக்கும். இந்தியாவில் இதே சிக்கலை நாம் பார்த்தோம். அங்குள்ள 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் எந்த இரண்டு நபர்களும் என்று தொடங்கி, அடுத்த வரிகளில் ஆணுக்கு ஒரு வயது, பெண்ணுக்கு ஒரு வயது என்று போகிறது. 2023 ஒக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு, திருமணம் அடிப்படை உரிமையல்ல என்றும் அந்தச் சட்டத்தைத் தாங்கள் திருத்தி வாசிக்க முடியாது என்றும் ஒருமனதாகச் சொன்னது. திருமணமல்லாத சட்டபூர்வ இணைவையாவது அங்கீகரிக்க வேண்டும் என்ற தலைமை நீதிபதி சந்திரசூட்டின் கருத்தும் நீதிபதி கௌலின் கருத்தும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றன. 2025 சனவரியில் மீளாய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

இந்தியர்கள் தோற்றார்கள்தான். ஆனால் அவர்கள் எதை வைத்துக்கொண்டு தோற்றார்கள் என்பதை நாம் பொறாமையோடு பார்க்க வேண்டும். அவர்களால் பழைய சட்டத்தை நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. 2018 செப்ரெம்பர் 6 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சம்மதமுள்ள வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று தீர்ப்புப் பெற முடிந்தது. நம்மால் முடியாது. இந்த உரையில் ஒன்றை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள். நம் 1978 அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை, அரசியலமைப்பு வருமுன் இருந்த சட்டங்கள் எல்லாம், எழுதியதும் எழுதாததும், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 80(3) உறுப்புரை, சபாநாயகர் சான்றுப்படுத்திய பின் எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்கிறது. 12ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்று சொல்வது உண்மை. பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும் உண்மை. பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் அந்த உறுப்புரையின் பாதுகாப்புக்குள் வருகின்றன என்று 2014 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவின் முன் நம் அரசே சொன்னது. அந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 365ஆம் பிரிவுக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. வாசலில் 16(1) நிற்கிறது.

அப்படியானால் அரசியலமைப்பு வாதம் எப்போதுதான் நடக்கிறது? ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், குறுகிய சில நாட்களுக்குள், 121ஆம் உறுப்புரையின் கீழ் எவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதாவது, இருக்கும் அநீதி விசாரிக்கப்படுவதில்லை. அதை மாற்ற வரும் சட்டம்தான் விசாரிக்கப்படுகிறது. 1883 இன் சட்டம் நீதிமன்றக் கூண்டில் ஒருநாளும் ஏறாது. அதை நீக்க முயலும் சட்டமூலமே ஏறி நின்று தான் குற்றமற்றது என்று நிரூபிக்க வேண்டும். இப்படி ஓர் அமைப்பில் சட்ட வாதம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

2023 இல் அதுதான் நடந்தது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தனிநபர் சட்டமூலமாகத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பதே அதன் நோக்கம். உடனே எதிர்ப்பு மனுக்கள் போயின. எய்ட்ஸ் பரவும், சிறுவர்களுக்குப் பாதுகாப்புக் குறையும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரைக்கு முரண், குடும்பம் சிதையும், நாளை ஒருபாலினத் திருமணம் வரும் என்பன வாதங்கள். மறுபக்கத்தில் தலையிட்ட தரப்பினர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். குற்றமாக வைத்திருப்பதுதான் மக்களை வைத்தியசாலையிலிருந்து துரத்துகிறது, சிறுவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டப் பிரிவுகள் உள்ளன என்றார்கள். பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான மூவர் அமர்வு அந்தச் சட்டமூலத்தில் அரசியலமைப்புக்கு முரணான ஒன்றும் இல்லை என்று தீர்மானித்தது. மே 9 அன்று சபாநாயகர் அதைச் சபையில் வாசித்தார். பாலின ஈர்ப்பு எதுவாயினும் வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றமில்லாதது ஆக்குவது மனித மாண்பை மேம்படுத்துவதே என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம்.

சாதாரண பெரும்பான்மை போதும் என்று நாட்டின் அதியுயர் மன்று சொல்லிவிட்டது. 225 பேர் கொண்ட சபை அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு சட்டமூலமும் போனது. வாதத்தில் வென்று வாக்கெடுப்பே நடக்காமல் தோற்றுப்போன இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

2024 யூனில் வந்த பாலினச் சமத்துவச் சட்டமூலத் தீர்மானம் எதிர்த்திசையில் போனது. அந்தச் சட்டமூலம் முழுவதும் 12ஆம் உறுப்புரைக்கு முரண், மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பாலின அடையாளம் என்ற கருத்து ஒருபாலினத் திருமணத்துக்குக் கதவு திறக்கும் என்பது மனுதாரர்கள் அங்கே வைத்த வாதங்களில் ஒன்று. ஓராண்டு இடைவெளியில் இரண்டு தீர்மானங்கள். தனியறையில் விட்டுவிடு என்ற கோரிக்கைக்கு ஒரு பதிலும், வேலையிலும் குடும்பத்திலும் சமமாக நடத்து என்ற கோரிக்கைக்கு இன்னொரு பதிலும் கிடைத்தன. நாளை எவராவது திருமணச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தால் அது இரண்டாவது தீர்மானத்தின் நிழலில்தான் நிற்க வேண்டியிருக்கும். சட்ட மாணவர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்து வாசியுங்கள்.

இதற்கிடையில் நாட்டுக்கு வெளியே ஒரு வழி திறந்தது. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் நிறுவனர் ரோசானா ஃபிளேமர் கல்தேரா, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழுவிடம் முறையிட்டார். 1995 திருத்தம் பெண்களின் உரிமைகளை மீறுகிறது, இலங்கை அதை நீக்க வேண்டும் என்று அந்தக் குழு 2022 இல் முடிவு சொன்னது. கொழும்பிலே கேட்க முடியாத கேள்வியை ஜெனீவாவில் கேட்க வேண்டியிருந்தது. அந்த முடிவு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் சட்டத்தைப் பற்றி அங்கே ஒரு தீர்ப்புரை எழுதப்பட்டுவிட்டது, அதை இனி எந்தச் சட்டத்தரணியும் மேற்கோள் காட்டலாம்.

நீதிமன்றங்களில் ஒருபாலின இணையர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதற்குத் தமிழ் பேசும் இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு உதாரணங்கள். 2022 யூனில், தன் துணையைத் தேடி இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு பெண்ணும் நீதவான் முன் நிறுத்தப்பட்டார்கள். சேர்ந்து வாழவே விரும்புகிறோம் என்றார்கள். மனநல மருத்துவ அறிக்கை பெறும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு ஓராண்டு முன், மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்ற இரண்டு பெண்களின் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார், பிறகு தானும் ஓர் உளவியலாளர் முன் மாணவராக அமர்ந்தார். தனக்குள் இருந்த முற்சாய்வைத் தீர்ப்பிலேயே எழுதினார். 2021 யூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யும் வைத்தியத்தைத் தடுத்தது, பொலிஸார் இப்படிப்பட்ட இணையரைத் துன்புறுத்தக்கூடாது என்றது. சட்டம் இரண்டு நாட்டிலும் வேறுபட்டது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் தனக்கு விளங்காத ஒன்றைக் கண்டதும் பரிசோதிக்கப்பட வேண்டியது யார் என்று ஒரு நீதிபதி கேட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தமிழகத்தில் இன்னும் சில நடந்தன. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தார். தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிய மறுத்ததால் வந்த வழக்கு. 2025 மே மாதம் அதே நீதிபதி இருந்த அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சொல்லித் தாய் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் கதவடைத்த பிறகும், கீழே இருக்கும் நீதிமன்றங்கள் குடும்பம் என்ற வேறு வாசலைத் தேடுகின்றன.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுயமரியாதைத் திருமணங்களின் கதை. புரோகிதர் இல்லாமல், தீ வலம் இல்லாமல், மாலை மாற்றி மணந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் திருமணம் செல்லாது என்று 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஊரார் கூடி வாழ்த்திய திருமணங்கள், பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடுகள். 1967 இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைக் கொண்டுவந்து, இனி நடப்பவற்றை மட்டுமல்லாமல் முன்பு நடந்தவற்றையும் செல்லும் என்றாக்கியது. நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் பின்நோக்கியும் கொடுக்க முடியும். நம் தீவிலும் ஆட்சியாளர்கள் திருமணத்தைத் தொட்டு மாற்றியிருக்கிறார்கள். கண்டிச் சட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சகோதரர்கள் பலர் கணவராயிருக்கும் வழக்கம் முன்பு செல்லுபடியானது. 1859 இல் பிரித்தானியர் அதை நிறுத்தினார்கள். திருமணத்தின் சட்ட வடிவம் எக்காலமும் மாறாதது என்று வாதிடுபவர் இந்த நாட்டின் சட்ட வரலாற்றை வாசிக்கவில்லை.

இனி வன்னிக்கு வருகிறேன்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று குளத்தைச் சுற்றிக் குடியேறிய நம் குடும்பங்களில் பெரும்பகுதிக்கு உறுதிக் காணி இல்லை. பேமிற் காணிதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய காணி. அந்தச் சட்டத்தில் பின்னுரித்தாளரை நியமிக்கும் பிரிவை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? அனுமதிப்பத்திரம் பெற்றவர் தன் வாழ்க்கைத் துணையை நியமிக்கலாம், அல்லது மூன்றாம் அட்டவணையில் உள்ள இரத்த உறவினரை நியமிக்கலாம். வேறொருவரை முடியாது. மரணசாசனம் எழுதிக் கொடுக்கவும் முடியாது. உறுதிக் காணி உள்ளவர் விரும்பியவருக்கு நன்கொடை உறுதி எழுதலாம், அவருக்குத் திருமணச் சட்டம் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. கொழும்பில் மாடிவீடு வாங்கிய இரண்டு ஆண்கள் கூட்டுப் பெயரில் எழுதிவிடுவார்கள். முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ இரண்டு பெண்கள் இருபது வருடம் ஒரே வளவில் கிணறு வெட்டித் தோட்டம் செய்து வாழ்ந்தால், பேமிற் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கண்மூடிய மறுநாள் மற்றவர் அந்நியர். பார்க்க வராத அண்ணன் மகனுக்குக் காணி போகும். பாதிக்கப்படுபவர் ஏழையாகவும் குடியேற்றவாசியாகவும் இருப்பதால்தான் இந்தத் திருமணக் கேள்வி நகரத்து ஆடம்பரம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சட்டம் இல்லாத குறையைப் பணம் நிரப்பும். பணம் இல்லாத இடத்தில் அது நிரம்பாமலே கிடக்கும்.

தேசவழமையிலும் இதுதான் நிலை. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 இல் பிரித்தானியர் சட்டமாக ஏற்ற அந்த வழமை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. தேடிய தேட்டம் என்பது மணவாழ்வில் இருவரும் சேர்ந்து உழைத்துத் தேடியது. யாருடைய பெயரில் வாங்கியிருந்தாலும் மற்றவரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது என்று ஏற்ற சிந்தனை அது. எவ்வளவு நியாயமான சிந்தனை! சேர்ந்து தேடிய இரண்டு பெண்களுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் செல்லாது என்று கேட்டால், திருமணம் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

நம் சட்டத்தில் ஓர் அழகான கோட்பாடு இருக்கிறது. பதிவு இல்லாவிட்டாலும், ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து, ஊரும் உறவும் அவர்களை அப்படியே மதித்தால், அவர்கள் மணந்தவர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்கில் 1881 இலேயே பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணத்தின் எளிய குடும்பங்களில் சோறு கொடுத்தலோடு மணவாழ்வு தொடங்கிய காலமும் இருந்தது. கலியாண எழுத்து பின்னால் வந்த ஏற்பாடு. 2009 இல் போர் முடிந்த பின் இந்தக் கோட்பாட்டின் அருமை நமக்கு இன்னும் விளங்கியது. ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசர அவசரமாக நடந்த கலியாணங்கள், பதுங்குகுழியில் தொலைந்த பத்திரங்கள், மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, கிராம அலுவலரின் கடிதத்தோடும் அயலவரின் சாட்சியத்தோடும் தங்கள் குடும்பத்தை மீண்டும் நிரூபித்தார்கள். காணாமற்போனவரின் மனைவிக்கு மரணச் சான்றிதழை வாங்கு என்று மட்டும் சொன்ன அரசு, நெடிய போராட்டத்துக்குப் பிறகே 2016 இல் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குச் சட்டம் செய்தது. மனித உறவு அரசின் இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காதபோது மூன்றாவது பெட்டியைச் சட்டத்தால் செய்ய முடியும் என்று அன்று தெரிந்தது.

ஊரறிய வாழ்ந்தால் சட்டம் ஏற்கும் என்ற அந்தக் கோட்பாட்டை ஒருபாலின இணையர் ஏன் நாட முடியாது? ஆணும் பெண்ணும் என்ற வரம்பு ஒன்று. அதைவிட ஆழமான தடை வேறு. அவர்கள் ஊரறிய வாழ்ந்தால் அதுவே 365ஏ பிரிவுக்குச் சாட்சியம். திருமணச் சட்டம் வெளிப்படையாக வாழ் என்கிறது, குற்றச் சட்டம் வெளிப்பட்டால் பிடிப்பேன் என்கிறது. அதனால் இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று அயலுக்குச் சொல்கிறார்கள். கூட்டாளிகள், ஒன்றாகத் தோட்டம் செய்கிறோம் என்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு பிரச்சினை வந்தால், அந்தப் பொய்தான் அவர்களுக்கெதிரான சான்று. குற்றப் பிரிவை நீக்காமல் குடும்ப உரிமை எதையும் கட்ட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். 2016ஆம் ஆண்டின் சுற்றறிக்கைகளுக்குப் பிறகு, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கையராலும் திருநம்பியராலும் பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடிகிறது. பத்திரத்தில் ஆண், பெண் என்று வந்துவிட்டால் அவர்களில் சிலருக்குப் பதிவாளரின் கதவு திறக்கலாம். பத்திரத்தை மாற்றத் தேவையில்லாத, மாற்ற விரும்பாத மற்றவர்களுக்கு அது உதவாது.

ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமற்போனோரின் தாய்மார் அமர்ந்தார்கள், கேப்பாப்பிலவில் மக்கள் தங்கள் காணிக்காகப் பனியிலும் வெயிலிலும் இருந்தார்கள், அந்தக் கேள்விகளே தீராதபோது இது இப்போது தேவையா? நான் இந்தத் துயரங்களை ஒரே தட்டில் வைக்கவில்லை. பிள்ளையைத் தேடும் தாயின் வலிக்கு ஒப்பு இல்லை. ஆனால் காத்திருப்போர் வரிசை ஒன்று இருக்கிறது, முன்னால் நிற்பவரின் வேலை முடிந்தால்தான் அடுத்தவரின் கோப்பு திறக்கப்படும் என்று அரசு நம்மை நம்பவைத்திருக்கிறது. அப்படி நம்பினால் எவருடைய கோப்பும் திறக்காது. அந்தப் போராட்டங்களில் இருந்தவர்களிலும் இந்த மனிதர்கள் இருந்திருப்பார்கள். இடம்பெயர்ந்த வண்டிகளிலும் இருந்திருப்பார்கள், முள்ளிவாய்க்காலிலும் இறந்திருப்பார்கள். அப்படி இறந்தவருக்காக அழுத துணையை எந்தப் பதிவேடும் உறவினராகக் கணக்கெடுத்திருக்காது.

சமயத் தலைவர்களிடமும் ஒரு சொல். கோயிலில் தாலி கட்டுவதும் தேவாலயத்தில் கைபிடிப்பதும் உங்கள் சமயத்தின் முடிவு. எந்தப் பதிவுச் சட்டமும் ஐயரையோ பாதிரியாரையோ மணம் செய்துவைக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது, அப்படிக் கட்டாயப்படுத்தினால் நானே உங்களுக்காக வழக்கில் தோன்றுவேன். கேட்கப்படுவது பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் ஓர் இடம்.

இங்குள்ள இளம் சட்டத்தரணிகள் இன்று செய்யக்கூடியவை உண்டு. திருமணச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உறுதிக் காணி உள்ளவர்களுக்கு நன்கொடை உறுதியும் மரணசாசனமும் எழுதிக் கொடுங்கள், வைத்தியசாலையில் பேசவும் வங்கியில் கையெழுத்திடவும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். எழுதும்போது உறவு என்ன என்று துருவிக் கேட்காதீர்கள், கேட்டுத் தெரிந்தால் வெளியே சொல்லாதீர்கள். பொலிஸ் மிரட்டல் என்று ஒருவர் வந்தால், அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம் என்பதையும், அந்த மாதத்துக்குள் வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்பதையும் உடனே சொல்லுங்கள். கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த ஒரு மாதம் நம்மவர்களுக்குப் பயணத்திலும் தயக்கத்திலும் கரைந்துவிடுகிறது. பழைய சட்டத்தைத்தான் எதிர்க்க முடியாது. அதைச் சாட்டாக வைத்து ஓர் அதிகாரி செய்யும் அடாவடியை 126ஆம் உறுப்புரையின் கீழ் எதிர்க்க முடியும். அந்த வழக்குகள் இங்கிருந்து போக வேண்டும்.

நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, 2023 இன் தீர்மானம் செல்லும் என்று சொன்ன சட்டமூலத்தை மீண்டும் கொண்டுவருவது. அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும் என்று ஏற்கனவே எழுத்தில் இருக்கிறது. மற்றது வன்னிக்கே உரியது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மகன்களுக்குப் பின்னால்தான் மகள்கள் என்று எண்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வரிசையை நீக்கியது. அதே சட்டத்தின் பின்னுரித்தாளர் பிரிவில், துணைவரையும் உறவினரையும் அடுத்து, அனுமதிப்பத்திரக்காரர் தன்னோடு அந்தக் காணியில் வாழ்ந்து உழைத்தவராகப் பெயர் குறிப்பிடும் ஒருவரையும் நியமிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திருமணம் என்ற சொல்லே அதில் வராது. மணமாகாத சகோதரிகளுக்கும், வளர்த்த பிள்ளைக்கும், போரில் தனித்துப்போய் ஒருவரையொருவர் தாங்கிய அயலவருக்கும், இரண்டு பெண்களுக்கும், இரண்டு ஆண்களுக்கும் அந்த ஒரு வரியே காணியைக் காக்கும். அதற்கான வரைவைத் தயாரிக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.